பதினேழாம் எண் வாசலை மறித்த கார்

ஸ்கார்பரோ
5 மே 2018, சனி

லினெட்,

"அன்புள்ள" என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். எழுதி முடிக்கும்போது கோபம் அடங்கியிருந்தால் கடைசியில் சேர்த்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் ஆல்மா தெருவில் உன் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தியது நான்தான். நீ கூப்பிடும்வரை உன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ போட்ட உத்தரவு எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. படியை மிதிக்கவும் இல்லை. தெருவில்தான் நிறுத்தினேன். திரும்பி வந்து பார்த்தால் முன்கண்ணாடியில் மஞ்சள் உறை ஒன்று ஒட்டியிருக்கிறது. வாசலுக்குள் வண்டி ஏற நடைபாதைக் கல்லைத் தாழ்த்திச் சரிவு விட்டிருக்கிறதே, அந்தச் சரிவை மறித்து நிறுத்திவிட்டேனாம். அபராதம் எழுபது பவுண்டு. பதினான்கு நாளுக்குள் கட்டினால் பாதி.

முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான். ஒரு தரம்கூட யாரும் என்னிடம் அபராதச் சீட்டு நீட்டியதில்லை. ரிட்டையர் ஆகி ஐந்து வருஷம் கழித்து, நான் பிறந்து வளர்ந்த தெருவிலேயே, அதுவும் எங்கள் வீட்டு வாசலிலேயே மூக்கு உடைபட வேண்டுமா?

இங்கே வில்ஃப் என்று ஒரு நண்பன். ஏதோ ஒரு நகராட்சியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஒரு வீட்டு வாசலை மறிச்சு வண்டி நின்னா நகராட்சி ஆளுங்க அவங்களா வரமாட்டாங்கப்பா. வீட்டுக்காரங்க போன் போட்டுக் கூப்பிட்டாத்தான் வருவாங்க. யார் வீடு அது?" என்றான். என் தங்கச்சி வீடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன் ஜன்னலில் திரைச்சீலை அசைந்ததை நானும்தான் பார்த்தேன். உன் கோபம் இன்னும் தீரவில்லை என்று தெரியும். அதற்காக ஆளை விட்டு சீட்டு எழுதச் சொல்வாயா?

நான் ஆட்சேபம் எழுதப்போகிறேன். அப்பாவின் காரை விற்றது முதல் அந்த வாசலில் வண்டியே கிடையாது. வெளியே போகவர ஆளும் இல்லை. நான் யாருக்கு இடைஞ்சல் செய்தேன்? வீட்டில் இருப்பவர் "என் சம்மதத்தோடுதான் நிறுத்தினார்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அபராதம் ரத்தாகிவிடுமாம். அந்த ஒரு வரிதான் வேண்டும். ஒரு காலத்தில் நமக்குள் இருந்த பாசத்துக்காகக் கேட்கிறேன்.

கோபம் அடங்கவில்லை.

ட்ரெவர்


17, ஆல்மா தெரு
ஹேவர்டேல்
8 மே

அன்புள்ள ட்ரெவர்,

பார், நான் அடிக்கவில்லை.

அட கடவுளே, அது நீயா? உன் பழைய சிவப்புக் கார் என்ன ஆயிற்று? அந்தப் பாசிப்பச்சை டப்பாவை நான் கண்டேனா? திரைக்குப் பின்னால் நின்றது நான்தான். எந்தப் படுபாவி வழியை மறித்தான் என்று பார்க்கத்தான் நின்றேன். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒரு வழுக்கைத்தலை மனிதர் வந்து சீட்டைப் பிய்த்து எடுத்தார். தோளெல்லாம் வற்றிப்போயிருந்தது. என் அண்ணன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்போது இப்படி இளைத்தாய்? சாப்பிடுகிறாயா இல்லையா? கடிதம் வந்ததிலிருந்து அதுதான் மனதை அறுக்கிறது.

இப்போது அபராதத்துக்கு வருகிறேன். போன் போட்டது நான்தான். போட்டதற்காக வருத்தப்படவும் இல்லை.

வெளியே போகவர ஆளில்லை என்று எழுதியிருக்கிறாயே, யார் சொன்னார்கள் உனக்கு? போன வருஷம் ஏப்ரலில், கால் முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி வண்டி ஒன்று வாங்கினேன். நாலு சக்கரம், முன்னால் கூடை. தினமும் அதில்தான் கிளம்புகிறேன். அந்தச் சரிவு வழியாகத் தெருவில் இறங்கினால் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வருவேன். மீன் கடை ஹில்டாவிடம் கேள், நூலகத்தில் கேள். "இவ வர்றா, வழி விடுங்கடா" என்று சந்தையில் ஆட்கள் கேலி செய்கிற அளவுக்குப் பேர் வாங்கியிருக்கிறேன்.

வியாழக்கிழமை இரண்டரைக்குச் சர்ச் கூடத்தில் கைமணிக் குழு. பதினோரு பேர். ஆளுக்குக் கையில் இரண்டு மணி, இரண்டே சுரம். நம் முறை வரும்போது அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் வராவிட்டால் பாட்டு பொக்கை வாயாகிவிடும். அன்றைக்கு முதியோர் இல்லத்துக்காரர்களை அழைத்து வாசித்துக் காட்டினோம். காட்டினார்கள் என்று சொல்ல வேண்டும். நான் கோட்டு மாட்டி, வண்டியில் உட்கார்ந்து, கேட்டுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் உன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. என் இரண்டு சுரமும் இல்லாமல் பாட்டு நொண்டியடித்ததாம்.

ஆக, என் சம்மதத்தோடு நிறுத்தினாய் என்று பொய் எழுதித் தர மாட்டேன். எழுத வந்தாலும் கை ஓடாது. ஆட்சேபிப்பதா வேண்டாமா என்பது உன் பாடு. யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று மட்டும் எழுதாதே. எனக்கு இடைஞ்சலாக இருந்தது.

ஒன்று மட்டும் சொல். கார் ஒரு மணி நேரம் நின்றதே, நீ எங்கே போயிருந்தாய்? கதவை ஏன் தட்டவில்லை?

லின்


ஸ்கார்பரோ
11 மே, வெள்ளி

அன்புள்ள லின்,

கைமணிக்கு மன்னிப்பு. மனதாரக் கேட்கிறேன். நீ கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது தெரிந்திருந்தால் அந்த டப்பாவைத் தோளில் தூக்கியாவது நகர்த்தியிருப்பேன். பேட்டரி வண்டி, கூடை, சந்தையில் கேலி. இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் அட்டையில் வெறும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எப்படித் தெரியும்? நானும் அப்படித்தான் அனுப்பினேன், சரி.

எங்கே போயிருந்தேன் என்று கேட்டாய். காரை விட்டு இறங்கியதும் தைரியம் போய்விட்டது. மூலை பேக்கரியில் உனக்குப் பிடித்த கஸ்டர்ட் டார்ட் இரண்டு வாங்கினேன். வெறுங்கையோடு வருவதைவிட அது மேல் என்று நினைத்தேன். பிறகு சர்ச் சுவரில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று யோசித்து யோசித்து இரண்டையும் நானே தின்றுவிட்டேன். வேறு இரண்டு வாங்கலாம் என்று போனால் கடைக்காரப் பெண் "இப்பத்தானே வாங்கினீங்க?" என்றாள். வெட்கமாகப் போயிற்று. வந்துவிட்டேன்.

அபராதக் கதை வேறு. அதில் விடப்போவதில்லை. உன் வரி எனக்கு இனி வேண்டாம், இதைவிடப் பெரிய ஆயுதம் கிடைத்துவிட்டது. வில்ஃப் சொல்கிறான்: "அந்தச் சரிவு நகராட்சிப் பதிவேட்டில இருக்குதான்னு கேளு. அவங்க அனுமதி இல்லாம யாரோ போட்ட சரிவுன்னா, அதை மறிச்சேன்னு உன் மேல எப்படிக் குத்தம் சொல்லுவாங்க?"

லின், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அறுபத்தாறாம் வருஷம், பெந்தகொஸ்தே ஞாயிறு காலை. அப்பா அந்த முதல் காரை வாங்கிய வாரம். அனுமதிக்கு நகராட்சி கேட்ட தொகை காரில் பாதி விலை என்று அம்மாவிடம் கத்தினார். தெருவே சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் கடப்பாரையால் கல்லைப் பெயர்த்தார். நான் சிமெண்ட் கலந்தேன். நீ மூலையில் காவல். யாராவது வந்தால் உரக்கப் பாட்டுப் பாட வேண்டும். பால்காரர் வந்ததும் நீ பாடின பாட்டில் அவரே பயந்து திரும்பிப் போய்விட்டார். அந்தச் சரிவுக்கு இன்றுவரை அனுமதி கிடையாது!

முழுக் கதையையும் நாலு பக்கம் எழுதினேன். தேதி, சிமெண்ட் மூட்டை எத்தனை, எல்லாம். வேலை முடிந்த கையோடு இன்று காலை நகராட்சிக்குத் தபாலில் போட்டும்விட்டேன். நம் தரப்பை இனி யாரும் அசைக்க முடியாது. அப்பா இருந்தால் கைதட்டியிருப்பார்.

ட்ரெவர்


ஆல்மா தெரு
14 மே

ட்ரெவர்,

என்ன காரியம் செய்துவிட்டாய்!

நீ ஜெயித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? அனுமதி இல்லாத சரிவு என்று தெரிந்ததும் நகராட்சி ஆள் அனுப்பும். பழையபடி கல்லை ஏற்றி வைத்துவிட்டுப் போவார்கள். நாலு அங்குலக் கல். உனக்கு அது ஒன்றுமே இல்லை. என் வண்டியால் ஒரு அங்குலம்கூட ஏற முடியாது, இறங்கினால் குப்புறக் கவிழ்ந்துவிடும். நடைபாதையிலேயே போகலாமே என்று சொல்லாதே. இடப்பக்கம் செஸ்ட்நட் மரத்தின் வேர் நடைபாதையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறது. வலப்பக்கம் மேட்டுக்கு ஏறும் படிக்கட்டு. எனக்கு இருப்பது அந்தச் சரிவு ஒன்றுதான்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஐந்து மாதம் முன் அறையில் கிடந்தேன். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நீதான் சொல்லியிருந்தாயே, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு: "இந்த வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு மக்கிப் போகப்போறே நீ." அதோடு என்னைக் கேட்காமல் வீட்டுத் தரகரை வேறு அனுப்பினாய். நான் தையல் பிரித்துப் படுத்திருக்கும்போது அவன் ஜன்னலை அளந்துகொண்டிருந்தான். நீ சொன்னது பலிக்கிறது என்று உனக்குத் தெரியக் கூடாது என்றே வாயைத் திறக்கவில்லை.

வண்டி வந்த முதல் நாள் அந்தச் சரிவில் இறங்கித் தபால் பெட்டிவரை போனேன். போட ஒரு கடிதமும் இல்லை. பெட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. ரோஷம் விடவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, ட்ரெவர். காலையிலிருந்து தெருவில் லாரிச் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்குப் போகிறேன். முப்பத்தைந்து பவுண்டுதானே, நான் தருகிறேன். எப்படியாவது அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கு.

லின்


ஸ்கார்பரோ
16 மே, புதன்

என் அன்புள்ள லின்,

உன் கடிதம் காலை ஒன்பது மணிக்கு வந்தது. ஒன்பது ஐந்துக்கு நான் போனில். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தாள். என் கடிதத்தை யாராவது படித்துவிட்டார்களா என்று கேட்டேன். "ஆட்சேபமெல்லாம் மூணு வாரக் குவியல்ல கிடக்குதுங்க. வரிசைப்படிதான் பிரிப்போம்" என்றாள். திரும்ப எடுக்க முடியுமா என்றேன். "எடுக்க முடியாது. ஆனா அபராதத்தைக் கட்டிட்டீங்கன்னா கேஸ் முடிஞ்சுது. முடிஞ்ச கேஸோட தபாலை யாரும் படிக்கிறதில்ல."

இப்போதே கட்டுகிறேன் என்றேன். வங்கி அட்டை எண்ணைச் சொன்னேன். அவள் ரசீது எண் சொன்னாள், அதை எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். "நீங்க எழுதினதைப் பார்த்தா ஜெயிப்பீங்க போலிருக்கா சார்? அப்படின்னா அவசரப்படாதீங்க" என்று நல்லெண்ணத்தில் கேட்டாள். ஜெயித்தால்தான் ஆபத்தம்மா என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஆக, கேஸ் முடிந்தது. என் நாலு பக்கம் குவியலோடு குவியலாக மக்கட்டும். வில்ஃப் தலையில் அடித்துக்கொள்கிறான். அடித்துக்கொள்ளட்டும். நீ பணம் அனுப்பினால் கிழித்துப் போடுவேன்.

தரகர் விஷயம். இரண்டு வருஷமாக மனதில் நியாயம் கட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. உன் அண்ணி ஜோன் இறந்த பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான். நீயும் அங்கே தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை அக்கறை என்று சொல்லிக்கொண்டு உன் ஜன்னலை அளக்க ஆள் அனுப்பினேன். தப்பு. முழுத் தப்பும் என்னுடையது. அடைந்து கிடந்தது யார் என்று இப்போது பார்த்தால், நீ சந்தையெல்லாம் சுற்றுகிறாய், நான் டிவிக்கு முன்னால் டின் சூப் குடிக்கிறேன். இளைத்ததற்குக் காரணம் அதுதான், வேறு நோய் இல்லை, கவலைப்படாதே.

அன்றைக்கு ஏன் வந்தேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

உன்
ட்ரெவர்


17, ஆல்மா தெரு
12 ஜூலை

அன்புள்ள ட்ரெவர்,

நீ அனுப்பிய மூன்று அட்டைகளுக்கும் நான் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. சொல்லாமல் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அபராதம் கட்டிய அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் மறுபடி ஜன்னல். யாரோ ஒருவன் எப்போதோ அந்தக் குவியலைக் கிளறினால்? அடுத்த ட்ரெவர் எவனாவது வந்து மறித்தால்? ஐம்பத்திரண்டு வருஷமாக ஒரு பொய் மேல் வண்டி ஓட்டுகிறோம் என்று தெரிந்த பிறகு நிம்மதியாக இறங்க முடியவில்லை. ஜூன் முதல் வாரம் நானே நகராட்சிக்குப் போன் போட்டேன். "என் வாசல் சரிவு எங்க அப்பா திருட்டுத்தனமாப் போட்டதுங்க" என்றேன். வந்து பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்லி முகவரியைக் குறித்துக்கொண்டார்கள்.

போன வாரம் நகராட்சியிலிருந்து பிக்கர்ஸ்கில் என்று ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். முழங்காலில் உட்கார்ந்து சிமெண்டைத் தடவித் தடவிப் பார்த்தார். "யாரும்மா போட்டது? எங்க ஆளுங்க போன வருஷம் போட்டதெல்லாம் பிளந்து கிடக்குது. இது அசையலையே!" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரு சிறுவனும் அவன் அப்பாவும் போட்டது என்றேன். இத்தனை வருஷமாக அதைச் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது.

ஆனால் அதை விட்டுவைக்க மாட்டார்கள். சரிவு செங்குத்தாம், என் வண்டிக்கு ஆபத்தாம். உடம்பு முடியாதவர்களுக்கு என்று ஒரு திட்டம் இருக்கிறதாம், செலவில்லாமல் புதிதாக, அகலமாக, அனுமதியோடு போட்டுத் தருகிறார்கள். பதிவேட்டில் என் பெயர் ஏறும். அனுமதித் தாள் வந்துவிட்டது, அலமாரித் தட்டில் வைத்திருக்கிறேன்.

வேலை ஆகஸ்ட் ஆறு, ஏழு, எட்டு. திங்கள், செவ்வாய், புதன். அந்த மூன்று நாளும் வாசலில் பள்ளமாக இருக்கும். நான் வெளியே போக முடியாது.

மூன்றே நாள். சின்ன விஷயம் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் நினைத்தாலே அந்த ஐந்து மாதம் முழுக்கத் திரும்பி வந்து முன் அறையில் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்து வீட்டு எல்ஸ்பெத் "நான் வந்து பார்த்துக்கறேன்" என்றாள். சரி என்று சொல்ல வாய் வந்தது. பிறகு, என் அண்ணன் வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே.

வா, ட்ரெவர். நான் கூப்பிடுகிறேன். படியை மிதி, கதவைத் திற, சமையலறையில் போய்க் கெட்டிலைப் போடு. பின் அறையில் கட்டில் தயாராக இருக்கிறது. டின் சூப் கொண்டு வந்தால் தெருவில் வீசிவிடுவேன். உன்னைக் கொஞ்சம் சதை போட வைக்காமல் அனுப்பப்போவதில்லை.

அந்த மூன்று நாளும் வீட்டுக்கு முன்னால் வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். தெருக்கோடியில் இடம் பார்த்துக்கொள்.

உன்
லின்


ஸ்கார்பரோ
14 ஜூலை

என் செல்லத் தங்கைக்கு,

ஆகஸ்ட் ஐந்து, ஞாயிறே வருகிறேன். காரை இங்கேயே விட்டுவிட்டு, பஸ்சில். இரண்டு இடத்தில் மாற வேண்டும், நாலரை மணி நேரம் ஆகும். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, எப்படி ஓட்டுவது என்று சொல்லிக் கொடுக்காமல், வழி முழுக்க வாயை மூடிக்கொண்டு வருவேன்.

ட்ரெவர்